பினாங்கு என்றால் தீவு மட்டுமா?

கேள்வி: பினாங்கு என்றாலே எல்லோரும் தீவைத்தான் பேசுகிறார்கள். பெருநிலத்தில் இருக்கும் நாங்கள் பினாங்குக்காரர்கள் இல்லையா?
— ஒரு வாசகி, சிம்பாங் அம்பாட்

பதில்: பரப்பளவில் ஏறக்குறைய முக்கால் பங்கு உங்கள் பக்கம்தான் அம்மா, தீவுதான் உங்களை ஒட்டி நிற்கிறது! 1786இல் பிரான்சிஸ் லைட் தீவில் பிரிட்டிஷ் கொடி ஏற்றினார். 1800இல் உங்கள் பெருநிலமான செபராங் பிறையும் கெடா சுல்தானிடமிருந்து பிரிட்டிஷார் கைக்கு மாறியது. துறைமுகத்தால் தீவு செழித்தது. கரும்பும் பிறகு ரப்பரும் விளைந்தது உங்கள் மண்ணில். அந்தத் தோட்டங்களில் உழைத்த தமிழர்களை விட்டுவிட்டு எழுதும் மாநில வரலாறு அரை வரலாறுதான். 1972இல் தீவின் பாயான் லெப்பாசில் சுதந்திர வர்த்தக மண்டலம் வந்தது, மின்னணுத் தொழில் வளர்ந்தது. இன்று புதிய ஆலைகள் தேடி வருவது உங்கள் அண்டை ஊரான பத்து காவானுக்கு! 2014இல் திறந்த தீவுக்கான 24 கிலோமீட்டர் இரண்டாம் பாலமும் அங்கிருந்தே கிளம்புகிறது. தண்ணீர்மலைத் தைப்பூசம், மலை ரயில், 2008இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த ஜார்ஜ்டவுன் தெருக்கள் எல்லாம் பாலத்தின் மறுகரையில், தீவில். விருந்தாளி வந்தால் அங்கே கூட்டிப் போங்கள். அதற்குமுன் உங்கள் பக்கத்துத் தோட்டங்களைக் காட்டுங்கள்.