நித்திய மாணாக்கர்

செய்யூர்க் கடைத்தெருவில் ஒருவர் சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தாலும் சரி, மற்றொருவர் பூட்டுக்குச் சாவி ராவிக்கொண்டிருந்தாலும் சரி, அவருக்குப் பின்புறத்தில், இரு கைகளையும் முதுகில் கோத்துக்கொண்டு, கழுத்தைச் சற்றே நீட்டி, வேஷ்டி நுனி புழுதியில் புரள்வதையும் கவனியாமல், "இதை ஏன் இப்படிச் செய்கிறீர்கள்?" என்று வினவுவதற்குத் தக்க தருணத்தை எதிர்நோக்கி ஒரு மனிதர் நிற்பாராயின், அவரே நித்திய மாணாக்கர் என்று நீங்கள் தயங்காமல் முடிவு செய்துகொள்ளலாம். அவர் ஒரு தனி நபர் அல்லர், ஓர் இனம். மதுராந்தகத்திலும் உண்டு, மாயவரத்திலும் உண்டு. யாழ்ப்பாணத்திலும் பினாங்கிலும் இருப்பதாகக் கேள்வி. ஆயினும் செய்யூரில் விளைந்தவரிடம் அவ்வினத்தின் லக்ஷணங்கள் குறைவறப் பொருந்தியிருப்பதால், அவரையே வர்ணிக்க எடுத்துக்கொள்கிறேன்.

இதற்கு அவரைக் காட்டிலும் ஊரே அதிகப் பொறுப்பு. வேறு ஊர்களில் ஒருவனுக்கு ஞான தாகம் பிறந்தால் ரயிலேறிப் பட்டணம் போகவேண்டும். போகிற வழியிலேயே பாதி தாகம் தணிந்துவிடும். இங்கேயோ, சைக்கிளில் ஒரு காலைப் பொழுதில் சுற்றிவரக்கூடிய வட்டத்துக்குள், வானசாஸ்திரத்துக்கு இட்டுச்செல்லும் ஒரு முருகன் கோயில், சரித்திரத்துக்கு இட்டுச்செல்லும் ஓர் இடிந்த கோட்டை, ரசாயனத்துக்கு இட்டுச்செல்லும் உப்பளங்கள், சங்க இலக்கியத்துக்கு இட்டுச்செல்லும் இடைக்கழிநாடு (சிறுபாணாற்றுப்படை பாடிய நத்தத்தனார் அந்நாட்டு நல்லூர்க்காரர்) என்று, ஒரு சாதாரணக் குடும்பஸ்தனை நிம்மதியாக இருக்கவிடாமல் செய்வதற்கு வேண்டிய சகல ஏற்பாடுகளும் பூர்வத்திலேயே செய்யப்பட்டிருக்கின்றன.

நம்மவர் வருவாய்த் துறையில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். உத்தியோக காலத்தில், பட்டா மாறுதலுக்கு மனுவோடு வருகிற குடியானவனிடம், மனுவை வாங்குவதற்கு முன்பே, வேர்க்கடலை எத்தனை நாளில் பூக்கிறது, மேலே பூத்த பூவின் விழுது எப்படி மண்ணுக்குள் இறங்கிக் காயாகிறது என்றெல்லாம் விசாரிக்கத் தொடங்கிவிடுவார். விசாரணை முடியும்போது அலுவலகம் மூடும் நேரமாகியிருக்கும். அவர் வீட்டுக் கூடத்துச் சுவரில் கண்ணாடிச் சட்டமிட்டு மாட்டியிருக்கும் சான்றிதழ்களைப் பார்வையிடுகிறவர்களுக்கு ஓர் உண்மை புலப்படும். தட்டெழுத்தில் லோயர் உண்டு, ஹையர் இல்லை. தக்ஷிண பாரத ஹிந்தி பிரசார சபையின் பிராத்மிக் உண்டு. அதற்குமேல் மத்யமா முதல் பிரவீண் வரையில் அடுக்கி வைத்திருக்கும் பரீக்ஷைகளில் ஒன்றேனும் இல்லை. முதலுதவிப் பயிற்சிச் சான்றிதழ் ஒன்றும் தொங்குகிறது; இரண்டாம் உதவி என்று ஒரு படிப்பை எவரும் ஏற்படுத்தாத காரணத்தால், அது ஒன்றுதான் அவர் பூர்த்தி செய்த கல்வி.

சங்கீதத்தில் அவர் பிரவேசித்த வரலாறு இவ்வினத்தாரின் மனப்போக்கை நன்கு விளக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இவ்வூர்ப் பெயரோடு விளங்கிய செங்கல்வராய சாஸ்திரிகள் என்னும் சாஹித்யகர்த்தாவைப் பற்றி எவரோ சொல்லக் கேட்டு, ஊர்ப் பெருமையைத் தம் குரலால் நிலைநாட்டுவதென்று சங்கல்பம் செய்துகொண்டு சரளி வரிசையைத் தொடங்கினார். ஜண்டை வரிசைக்கு வந்தபோது, சாஸ்திரிகள் தெலுங்கில் கீர்த்தனை செய்தவர் என்பது தெரியவந்தது. அர்த்தம் தெரியாமல் பாடுவது அபசாரம் அல்லவா? எனவே சங்கீதத்தை நிறுத்தித் தெலுங்கைத் தொடங்கினார். தெலுங்கு எழுத்தின் வளைவுகளைப் பழகிக்கொண்டிருக்கையில், ஓலையை எழுத்தாணி கிழிக்காமலிருப்பதற்காகவே எழுத்துக்கள் அவ்வாறு வளைந்தன என்று ஒரு நண்பர் சொல்லிவைக்க, தெலுங்கை நிறுத்தி ஓலைச்சுவடி தயாரிப்பதில் இறங்கினார். பனையோலையை மஞ்சள் கலந்த நீரில் வேகவைத்து நிழலில் உலர்த்தவேண்டும் என்பது முறை. வீடெங்கும் ஓலை. அண்டை வீட்டார், சரளி வரிசை நின்றுபோன சந்தோஷத்தில், வேண்டிய மஞ்சளைத் தாங்களே மனமுவந்து கொடுத்தார்கள்.

கந்தசுவாமி கோயிலில் 27 நட்சத்திரங்களுக்கும் ஒன்றொன்றாக 27 வேதாளங்கள் உண்டு. ஏனையோர் தத்தம் நட்சத்திரத்துக்குரிய வேதாளத்தைக் கும்பிட்டுவிட்டு வீடு திரும்புவார்கள். நம்மவருக்கோ, கல்லில் கண்டவற்றையெல்லாம் ஆகாயத்திலும் கண்டாலொழிய உறக்கம் கொள்ளாதென்று ஆயிற்று. கார்த்திகைக் கூட்டம் உடனே அகப்பட்டது. ரோகிணியையும் கேட்டையையும் அவற்றின் செம்மை காட்டிக்கொடுத்தது. சித்திரையும் சுவாதியும் தாமாகவே வந்து நின்றன. தம்முடைய சொந்த நட்சத்திரமாகிய அவிட்டம் மட்டும் அகப்படவே இல்லை. மேனாட்டார் டால்பின் மீனின் பெயரிட்டு அழைக்கும் அச்சிறு கூட்டத்தில் பிரகாசமான விண்மீன் ஒன்றுகூடக் கிடையாது. தெருவிளக்கு எரியும் இடத்தில் அது கண்ணுக்குப் புலனாவது துர்லபம். நாள்தோறும் இரவு எட்டு மணி முதல் பத்து மணி வரை தெருவிளக்குகளை அணைத்துவைக்கக் கோரி அவர் தயாரித்த மனுவில் கையெழுத்திட ஒருவரும் முன்வராததால், செய்யூரின் வானசாஸ்திரம் அத்துடன் நின்றது.

பின்பு சிற்பம். மாமல்லபுரத்தில் 1957-ஆம் ஆண்டு முதலே அரசாங்கச் சிற்பப் பள்ளி இருக்கிறது என்றாலும், அங்கே சேர்வதற்கு வயது கடந்துவிட்டபடியால், உளிச் சத்தம் கேட்ட சாலையோரக் கொட்டகைகளில் போய் உட்கார்ந்து தாலக் கணக்கைத் தெரிந்துகொண்டு வந்தார். முகத்தின் நீளத்தை ஓர் அளவாகக் கொண்டு, பெருந்தெய்வங்களுக்கு உத்தம தச தாலம் என்றும், மானிடருக்கு அஷ்ட தாலம் என்றும் சாஸ்திரம் விதித்திருப்பதை அறிந்த மாத்திரத்தில், தையற்கார நாடாவோடு குடும்பத்தாரை ஒவ்வொருவராக நிறுத்தி அளக்கலானார். மைத்துனர் ஏழரைத் தாலத்தில் நின்றுவிட்டார். அன்று முதல் அவர் இந்த வீட்டுப் பக்கம் வருவதில்லை. தம் முறை வந்தபோது இல்லத்தரசியார் நாடாவைக் கையோடு பிடுங்கிக்கொண்டு, "மூஞ்சிய அளந்தது போதும்; ரேஷன் கடையில அரிசி போடுறாங்களாம், அதைப் போய் அளந்து வாங்கிட்டு வாங்க" என்றார். சிற்ப சாஸ்திரத்துக்கு இதைவிட உயர்ந்த உரை எழுதப்பட்டதாக நான் அறியேன்.

ஆலம்பரைக் கோட்டையை விரைவாகக் கடந்துவிடுவோம். 1750-இல் பிரெஞ்சு கவர்னர் டூப்ளேயின் வசம் போய், 1760-இல் ஆங்கிலேயரால் இடிக்கப்பட்ட அக்கோட்டையின் பழைய நாட்களை அறியும்பொருட்டு, டூப்ளேயின் துபாஷியாயிருந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பை எடுத்தவர், 1736 முதல் 1761 வரை ஒரு மனிதர் இவ்வளவு எழுதினாரே என்று பிரமித்து, கோட்டையை மறந்து, புது வருஷத்தன்று தாமும் ஒரு நாட்குறிப்பைத் தொடங்கினார். அது போகியன்று நின்றது.

உப்புக்கு வருவோம், அவர் வாழ்க்கையில் உருப்படியாக ஏதேனும் நடந்ததென்றால் அது உப்பளத்தில்தான் நடந்தது. உப்பு நீரின் அடர்த்தியை அளக்கும் போமே மானி ஒன்றைப் பட்டணத்திலிருந்து தருவித்துக்கொண்டு, ஒரு நாள் காலையில் பாத்தியோரம் போய் நின்றார். ஏறக்குறைய 25 பாகையில் உப்புப் படியத் தொடங்கும், 30 பாகையை நெருங்கும்போது எஞ்சிய நீரை வடித்துவிடாவிட்டால் மக்னீசிய உப்புக்களும் சேர்ந்து கசப்பும் கசிவும் உண்டாகும் என்பதெல்லாம் அவர் முந்தின இரவு படித்தவை. மானி 24 காட்டியது. அங்கே பலகையால் உப்பு வாரிக்கொண்டிருந்த ஒரு மூதாட்டியாரை நோக்கி, "அம்மா, இந்தப் பாத்தி இன்றைக்கு விளையாது; நாளைக்குத்தான்" என்றார். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "மேக்காத்து அடிக்குது ஐயா. சாயங்காலம் பூத்துடும்" என்றார்.

சாயங்காலம் பூத்தது.

வேறொருவராயிருந்தால் மானியைப் பையில் போட்டுக்கொண்டு பேசாமல் வீடு திரும்பியிருப்பார். நம்மவர் அங்கேயே வரப்பில் உட்கார்ந்துகொண்டு, மேல்காற்று எதனால் நீரை விரைந்து உறிஞ்சுகிறது, கடற்காற்று எதனால் உறிஞ்சுவதில்லை, பாத்தியின் தரையைக் காலால் மிதித்து இறுக்குவது எத்தனை நாள், நீரின் நிறம் மாறுவதை எந்த நேரத்து வெயிலில் பார்க்கவேண்டும் என்று கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டார். ஆயுள் முழுவதும் அந்த வேலையைச் செய்துவந்த அம்மூதாட்டியாரிடம், கூலிக் கணக்கைத் தவிர வேறு எதையும் எவரும் கேட்டதில்லை. முதலில் சிரித்தார்; பிறகு சொன்னார்; சொல்லச் சொல்ல அவருக்கே தம் வித்தையின் விஸ்தீரணம் விளங்கலாயிற்று. இப்போது நம்மவர் அந்தப் பக்கம் போனால், பலகையைச் சாய்த்து வைத்துவிட்டு, "போன தடவ சொன்னத ஒப்பிங்க பாப்போம்" என்கிறார். பக்கத்துப் பாத்திக்காரர்களும் வேலையை நிறுத்திவிட்டுப் பரீக்ஷையைக் கவனிக்கிறார்கள். மாணாக்கர் பெரும்பாலும் தேறுவதில்லை.

இத்தகையோரைப் பற்றிச் சிரத்தையுள்ள பெரியோர்களுக்கு ஓர் ஆக்ஷேபம் உண்டு: பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான் என்பார்கள். நம்மவரிடம் இதைச் சொன்னால், அவர் உடனே தஞ்சை ஆபிரகாம் பண்டிதரைத் துணைக்கு அழைப்பார். பண்டிதர் பள்ளி ஆசிரியராக இருந்தவர், சித்த வைத்தியர், தோட்டப் பயிரில் சோதனைகள் செய்தவர், புகைப்படக் கலையில் தேர்ந்தவர், இத்தனைக்கும் நடுவே சங்கீத ஆராய்ச்சி செய்து 1917-இல் கருணாமிர்த சாகரத்தை வெளியிட்டவர். வாஸ்தவம். ஆனால் பண்டிதர் அந்நூலை ஆயிரம் பக்கங்களுக்கு மேல் எழுதி முடித்தார் என்பதையும், நம்மவர் எந்த நூலிலும் ஆயிரமாவது பக்கத்தைக் கண்டறியார் என்பதையும் நாம் மறப்பதற்கில்லை. இருவரையும் ஒரே தராசில் வைப்பது பண்டிதருக்குச் செய்யும் துரோகம்.

என்றாலும், அவரைப் பழிப்பவர்கள் கணக்கை ஒரு பக்கத்தில்தான் எழுதுகிறார்கள் என்பது என் அபிப்பிராயம். அவர் தலைக்குள் என்ன சேர்ந்தது என்று பார்த்தால் சொற்பந்தான். செய்யூர்ச் சுற்றுவட்டாரத்தில் அவரால் எத்தனை பேர் குருஸ்தானம் அடைந்தார்கள் என்று பார்த்தால் கதை வேறு. பஞ்சர் ஒட்டுகிறவர் காற்றழுத்தத்தைப் பற்றிப் பேசுகிறார். சாவி செய்கிறவர் பூட்டின் உட்புறத்தைப் படம் போட்டுக் காட்டுகிறார். இக்காலத்து இளைஞர்கள் எதையும் செல்பேசித் திரையில் பார்த்தே கற்றுக்கொண்டுவிடுகிறார்கள், சிலர் இவரைவிடப் பன்மடங்கு நன்றாகவே கற்கிறார்கள். ஆனால் அதனால் திரைக்கு ஒரு கௌரவமும் உயரவில்லை. இவர் கற்காமல் போன ஒவ்வொரு வித்தைக்கும் ஊரில் ஓர் ஆசிரியர் மிஞ்சியிருக்கிறார்.

ஆகவே வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் பட்டறைக்கோ கடைக்கோ அவர் வந்து பின்னால் நின்றால், ஒரு முக்காலியை எடுத்துப் போடுங்கள்; கேட்டதற்குப் பதில் சொல்லுங்கள்; மோர் இருந்தால் கொடுங்கள். புத்தகம் மட்டும் இரவல் கொடுக்காதீர்கள். அது முப்பதாம் பக்கத்தில் அடையாளம் வைத்தபடியே அவர் வீட்டில் தங்கிவிடும்.