மின்காரும் முக்கால் அங்குல ஆணியும்

தமிழ்நாட்டு நெடுஞ்சாலை உணவகங்களின் பின்புறத்தில், ஜெனரேட்டர் கொட்டகைக்கும் கழிவறைக்கும் இடைப்பட்ட நிலப்பகுதியில், அண்மைக்காலமாக ஒரு தர்க்க மரபு தழைத்து வருகிறது. அதற்கு முதற்காரணம் நேரம். பெட்ரோல் கார்க்காரர் பங்க்கில் நிற்பது நான்கைந்து நிமிடம். மீட்டரில் பூஜ்யம் பார்ப்பதற்கும் சில்லறை வாங்குவதற்குமே அது சரியாகிவிடுவதால், அடுத்தவர் காரைக் குறைசொல்ல அவருக்கு அவகாசம் வாய்ப்பதில்லை. மின்கார்க்காரரோ, நேர்மின்னோட்டத்தை மின்கலத்துக்குள் நேரடியாகச் செலுத்தும் விரைவு சார்ஜரிலேயே பெரும்பாலும் முக்கால் மணி நேரம் காத்திருக்க வேண்டியவர். காபி பத்து நிமிடத்தில் தீர்ந்துவிடுகிறது. எஞ்சிய நேரத்தை ஒப்பீட்டு ஆய்வு நிரப்புகிறது.

இவ்வாய்வு நட்பில் தொடங்குவது அரிது என்பதற்கும் தொழில்நுட்பக் காரணம் உண்டு. 60 கிலோவாட் திறனுள்ள சார்ஜரில் ஒரு கார் தனியாட்சி நடத்திக்கொண்டிருக்கும்போது, இன்னொரு கார் வந்து அதே சார்ஜரின் மறு கேபிளைச் செருகிக்கொண்டால், பல இடங்களில் அத்திறன் முப்பது முப்பதாகப் பாகம் பிரிந்துவிடும். வந்தவர் "சார், ஒங்க வண்டில எவ்ளோ கிலோமீட்டர் வருது?" என்று நலம் விசாரிக்கிறார். திரையில் மீதி நேரம் இருபது நிமிடத்திலிருந்து நாற்பதாக ஏறுவதைக் கண்ணால் கண்டுவிட்ட முன்னவர், உண்மையைச் சொல்லும் மனநிலையில் இருப்பதில்லை.

வாதத்தில் பங்கேற்கும் மரபுகளுள் மூத்தது, சென்னையை அடுத்த ஸ்ரீபெரும்புதூர் ஆலையில் பொருத்தப்பட்டு 2019 ஜூலையில் வெளிவந்த ஹூண்டாய் கோனாவைச் சார்ந்தது. எண்ணிக்கையில் சிறியதாயினும் தொன்மையில் பெருமை கொண்டது. அடுத்து, 2020 ஜனவரியில் ஒரே மாதத்தில் வெளிவந்த டாடா நெக்ஸான் ஈ.வி.யும் எம்.ஜி. இசட்.எஸ். ஈ.வி.யும் இரு பெரும் கட்சிகளைத் தோற்றுவித்தன. மின்கலத்தின் கொள்ளளவைக் குறிக்கும் கிலோவாட் மணி என்பது மின்வாரிய அட்டையில் ஒரு யூனிட் என்று எழுதப்படுவதேயன்றி வேறில்லை. அக்கணக்கில் 30.2 யூனிட் கொண்ட நெக்ஸானுக்கு 312 கிலோமீட்டரும், 44.5 யூனிட் கொண்ட இசட்.எஸ்.ஸுக்கு 340 கிலோமீட்டரும், 39.2 யூனிட் மட்டுமே கொண்ட கோனாவுக்கு 452 கிலோமீட்டரும் அறிவிக்கப்பட்டன. பெரிய தொட்டி குறைவாகவும் சிறிய தொட்டி அதிகமாகவும் ஓடும் இந்தக் கணக்கு, சார்ஜரடியில் பல ஆண்டுகளுக்குப் போதுமான தீனியாயிற்று.

அறிவிக்கப்படும் தூரம் எப்படிக் கணிக்கப்படுகிறது என்பதை அறிந்தோர் இவ்வாதத்தில் பொதுவாகக் கலந்துகொள்வதில்லை. இந்திய ஓட்டச் சுழற்சி எனப்படும் சோதனையில் கார் சாலைக்கே வருவதில்லை, ஆய்வுக்கூடத்து உருளைகளின் மேல் நின்ற இடத்திலேயே சக்கரத்தைச் சுழற்றுகிறது, அதன் உச்ச வேகம் மணிக்கு 90 கிலோமீட்டர், ஏசி அணைந்திருக்கும். மே மாதத்து மதியத்தில், மாமனார் மாமியாரையும் இரண்டு மூட்டை மாம்பழத்தையும் ஏற்றிக்கொண்டு, திண்டிவனத்தைத் தாண்டி நூறில் பறக்கும் குடும்பத்தை இச்சோதனை கணக்கில் கொள்வதில்லை. ஆகவே ஒவ்வொரு மின்காருக்கும் மூன்று தூரங்கள் உள்ளன: கையேட்டில் அச்சிட்டது, கார் ஓடுவது, உடைமையாளர் மைத்துனரிடம் சொல்வது. மூன்றாவது எப்போதும் முதலாவதை ஒட்டியே அமைகிறது.

பிற்காலக் கட்சிகள் தூரத்தோடு நின்றுவிடவில்லை. எம்.ஜி. விண்ட்சரின் ஆதரவாளர்கள், 135 பாகை வரை சாயும் பின்னிருக்கையை முன்வைத்து, கார் எவ்வளவு தொலைவு போகிறது என்பது தூங்குகிறவருக்குத் தெரியாது என்று வாதிடுகிறார்கள். காரை வாங்கிவிட்டு மின்கலத்துக்கு மட்டும் கிலோமீட்டர் கணக்கில் கட்டணம் செலுத்தும் வசதியும் அக்காருக்கு உண்டாதலால், சொந்த வீட்டுக்காரர், வாடகைக்காரர் என அக்கட்சிக்குள்ளேயே இரு பிரிவுகள் உள்ளன. மகிந்திரா கட்சியின் வலிமை வேறு. 2024 நவம்பரில் பி.ஈ. 6ஈ என்ற பெயரில் அறிமுகமான கார், 6ஈ என்பது தன் விமானங்களின் குறியீடு என்று இண்டிகோ நிறுவனம் நீதிமன்றம் சென்றதனால், பி.ஈ. 6 என்று சுருங்கியது. ஒரு விமான நிறுவனமே பொறாமைப்பட்ட கார் என்று அதன் உடைமையாளர் கூறும்போது, எதிர்க்கட்சியினர் காபிக் கோப்பைக்குள் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

இத்தனை ஒப்பீட்டிலும் பெரும்பாலும் விடுபட்டுப்போவது டயர். 1887இல் பெல்ஃபாஸ்ட் நகரக் கால்நடை மருத்துவர் ஜான் பாய்டு டன்லப், தம் மகனின் மூன்று சக்கர வண்டிக்காக உருவாக்கிய காற்றடைத்த ரப்பர் வளையத்தின் வழித்தோன்றல்தான் மென்பொருளால் தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்ளும் காரையும் தாங்கி நிற்கிறது. மின்காரில் அதன் சுமையும் கூடுதல். மின்கலம் மட்டுமே முந்நூறு கிலோ அளவுக்குப் போவதுண்டு. மேலும், சக்கரத்தைத் திருப்பும் விசையாகிய முறுக்குவிசையை மின்மோட்டார் காலை வைத்த மாத்திரத்தில் முழுமையாகக் கொடுத்துவிடுவதால், சிக்னலில் பக்கத்துக் காரை முந்தும் ஒவ்வொரு முறையும் உடைமையாளரின் கௌரவத்துக்காக டயர் கொஞ்சம் தேய்ந்து கொடுக்கிறது.

அரசும் இவ்விஷயத்தில் டயருக்கு ஆதரவாக நிற்கவில்லை. டியூப் இல்லாத டயரும், காற்றழுத்தம் குறைவதை அறிவிக்கும் கருவியும், பழுது நீக்கும் பெட்டியும் இருந்தால் ஸ்டெப்னி தேவையில்லை என்று 2020 ஜூலையில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் விதியைத் திருத்தியது. பெரிய மின்கலத்துக்கு இடம் கிடைக்கும் என்பது சொல்லப்பட்ட காரணங்களுள் ஒன்று. இதன்படி, கூடுதல் தூரம் போவதற்காக ஸ்டெப்னியைத் துறந்த கார், ஓர் ஆணி ஏறியதும் எந்தத் தூரமும் போகாமல் நிற்கும் உரிமையைப் பெற்றது. அழுத்தம் குறைந்துவிட்டதை அதன் திரை தசம புள்ளியோடு தெரிவிக்கும். எங்கே ஒட்டுவது என்பதைத் தெரிவிக்காது. காருடன் வரும் பெட்டியில் சிறு காற்றடிக்கும் கருவியும் ஒரு புட்டி வெண்ணிறத் திரவமும் இருக்கும். ஆணியைப் பிடுங்காமல் விட்டால் காற்று மெல்லத்தான் கசியும் என்பதும், டயரின் பக்கச்சுவர் கிழிந்தால் திரவத்தால் பயனில்லை என்பதும் அதன் கையேட்டில் தெளிவாக அச்சிடப்பட்டிருக்கும். ஆனால் அந்தக் கையேடு திறக்கப்படுவது, ஆணியைப் பிடுங்கிய பின்னர்.

இவ்வேளையில் எதிர்க்கட்சிக்காரர் தம் காரை ஓரங்கட்டி இறங்குவதும் உண்டு. அவரிடம் ஸ்டெப்னி இருக்கலாம், மனமும் இருக்கலாம். சக்கரத்தின் விட்டமும், போல்ட் துளைகளின் எண்ணிக்கையும், துளைகளுக்கிடையேயான அளவும் இரு நிறுவனங்களுக்கும் ஒத்துவர வேண்டுமே. இருவரும் குனிந்து துளைகளை எண்ணும் அந்த ஒரு நிமிடத்தில்தான், இரு கார்களுக்கிடையே முதன்முறையாக ஒரு நேர்மையான ஒப்பீடு நிகழ்கிறது. கயிறு கட்டி இழுக்கலாமென்றால் அதுவும் ஆகாது. பெரும்பாலான மின்கார்களில் மோட்டார் சக்கரத்தோடு நிரந்தரமாகப் பிணைந்திருப்பதால், சக்கரம் தரையில் உருண்டால் மோட்டார் மின்னாக்கியாக மாறிச் சேதம் விளைவிக்கக்கூடும். நான்கு சக்கரமும் தரையில் படாமல் லாரியின் மேல்தான் ஏற்றிச்செல்ல வேண்டும்.

சென்னை–பெங்களூரு சாலையில் இது நேர்ந்தால் வேதனை மிகுதி. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், அரக்கோணம் வட்டாரத்தில் ஜே.கே., சியட், அப்போலோ, 1946இல் திருவொற்றியூரில் பொம்மை பலூன் செய்யத் தொடங்கிய எம்.ஆர்.எஃப். என டயர் ஆலைகள் சூழ்ந்திருக்கின்றன. ஆனால் ஒரேயொரு ஓட்டையை அடைப்பதற்கு எந்த ஆலையின் காவலாளியும் கதவைத் திறக்கமாட்டார். திறந்திருப்பது, பழைய லாரி டயரில் வெள்ளைப் பெயின்ட்டால் 'பஞ்சர்' என்று எழுதித் தொங்கவிட்ட கொட்டகை ஒன்றுதான்.

அங்குள்ளவர் முதலில் ஜாக்கியை எடுத்துக்கொண்டு காரின் அடிவயிற்றுக்குச் செல்வார். அடிவயிறு முழுவதும் மின்கலம் என்பதால், கதவுக்குக் கீழே குறிக்கப்பட்ட இடத்தில்தான் ஜாக்கி வைக்க வேண்டும் என்று உடைமையாளர் அலறுவார். பிறகு எல்லாம் வேகமாக நடக்கும். சோப்புத் தண்ணீரில் குமிழி வரும் இடம் கண்டு, துளையை அரத்தால் உரசி, பசை தடவிய ரப்பர் திரியைச் செருகி, வெளியே நீட்டியதை அறுத்தெறிவதற்குள் கால் மணி நேரம்கூட ஆகாது. டயருக்குள் இரைச்சலைக் குறைக்க நுரைப்பஞ்சு ஒட்டியிருந்து, உள்பக்கம் ஒட்டுப்போட வேண்டி வந்தாலோ, உடைமையாளர் புட்டித் திரவத்தை ஏற்கெனவே ஊற்றியிருந்தாலோ மட்டும், கொட்டகைக்காரரின் முகம் சற்று மாறும், கூலியும் மாறும்.

கையைத் துடைத்துக்கொண்டு அவர், "ஒரு சார்ஜுக்கு எவ்ளோ ஓடும் சார்?" என்று கேட்கிறார். உடைமையாளர் கையேட்டு எண்ணைச் சொல்கிறார். அருகில் நிற்கும் எதிர்க்கட்சிக்காரரும் மரியாதை கருதி மறுக்கவில்லை. "அவ்ளோதானா? நேத்து வந்தவரு இதவிட நூறு கூடச் சொன்னாரே" என்கிறார் கொட்டகைக்காரர். "எந்த மாடல்?" என்று இருவரும் ஒரே நேரத்தில் கேட்கிறார்கள்.