வளவில் காய்த்தது: ஆலங்குடா விருந்துக்கறி பற்றிய ஓர் ஆய்வு

இலங்கைத் தமிழில் ‘வளவு’ எனப்படுவது, வீட்டையும் அதைச் சூழ்ந்து வேலிக்குள் அடங்கிய நிலத்தையும் ஒருசேரக் குறிக்கும் சொல்லாகும். புத்தளக் களப்புக்கும் கடலுக்கும் இடையே நீண்டு கிடக்கும் கற்பிட்டிக் குடாநாட்டில், ஆலங்குடாவின் வளவு என்பது பெரும்பாலும் மணலே. காலையில் ஊற்றிய தண்ணீர் மதியத்துக்குள் போன இடம் தெரியாத அந்த மணலில் கறிவேப்பிலை, தேசி, ரம்பை, பப்பாசி, மாதுளை, கொச்சிக்காய் ஆகியவற்றை வளர்த்து விருந்தாளிக்குச் சமைத்துப் போடும் வழக்கம் ஏன் நிலைத்திருக்கிறது என்பதே இவ்வாய்வின் வினா.

சிக்கனமே காரணம் என்பாரும் உளர். கிணற்றிலிருந்து இறைத்த வாளிகளையும், சுமந்த எருவையும், ஆட்டுக்குப் பயந்து ஆண்டுதோறும் மாற்றிக் கட்டிய கிடுகு வேலியையும் கணக்கில் சேர்த்தால், கடையில் ஒரு பிடி கறிவேப்பிலை வாங்குவதே இலாபம் என்பது சிறு பிள்ளைக்கும் விளங்கும் ஆதலின், அக்கொள்கை இங்கே தள்ளப்படுகிறது. வளவுச் செடியின் உண்மையான விளைச்சல் காயோ இலையோ அன்று. “இது எங்கட வளவில காய்ச்சது” என்னும் ஒற்றை வாக்கியமே அதன் விளைச்சல்.

இவ்வாக்கியத்தைப் பரிமாறுவதற்கு ஒரு காலம் உண்டு. விருந்தாளி முதற்கவளத்தை விழுங்கிய பின்னும், இரண்டாம் முறை சோறு விழுமுன்னும் அது சொல்லப்படல் வேண்டும். முந்திச் சொன்னால் பெருமையடிப்பதாகவும், கை கழுவிய பின் சொன்னால் மன்னிப்புக் கேட்பதாகவும் கொள்ளப்படும். முஸ்லிம்களின் பெருவிருந்துகளில் வழங்கும் சஹன் முறை, அதாவது ஆறு பேர் ஒரே பெருந்தட்டைச் சுற்றி அமர்ந்து உண்ணும் முறை, இவ்வகையில் மிகச் சிக்கனமானது. ஒருமுறை சொன்னால் ஆறு பேர் காதிலும் விழும்.

இவ்வட்டாரத்துக்கு வந்த விருந்தாளிகளுள் மிகப் பெயர் பெற்றவர் இப்னு பதூதா ஆவார். 1344இல் அவர் புத்தளத்தில் இறங்கி, ஆரியச் சக்கரவர்த்தி என்னும் அரசரின் விருந்தினராகி, பாவா ஆதம் மலைக்குச் செல்ல வழித்துணையும் பெற்றார் என்பது அவருடைய பயண நூலால் தெரிகிறது. கரையெங்கும் கறுவாக் கட்டைகள் கிடந்ததை வியந்தும் எழுதியுள்ளார். ஆயினும் அவருக்குக் கொச்சிக்காய்க் கறியோ, பப்பாசியோ, கொய்யாவோ, அன்னமுன்னாவோ எவராலும் பரிமாறப்பட்டிருக்க இயலாது, ஏனெனில் அவை யாவும் அமெரிக்கக் கண்டங்களைத் தாயகமாகக் கொண்டவை. கொலம்பஸ் கப்பலேறுவதற்கோ இன்னும் 148 ஆண்டுகள் இருந்தன. ஆகவே இன்று ஆலங்குடாவில் சாப்பிட உட்காரும் எந்தச் சாச்சாவும், உறைப்பைப் பொறுத்தவரையேனும், அப்பெரும் பயணியை விஞ்சியவரே.

செடிகளுள் தனி ஆராய்ச்சிக்கு உரியது ரம்பை. தாழையின் இனமாகிய இச்செடியின் வாசனை, பாஸ்மதி அரிசிக்கு மணம் தரும் 2-அசெட்டைல்-1-பைரோலின் என்னும் அதே பொருளால் உண்டாவது. சாதாரண அரிசிச் சோற்றுக்குப் பாஸ்மதியின் மிடுக்கைக் கொடுக்க இரண்டு துண்டு ரம்பை போதும் என்பதை, வேதியியல் பெயரை அறியாமலே, சமையற்கட்டு எப்போதோ கண்டுகொண்டது. அதைவிடக் கவனிக்கத்தக்கது, ரம்பை பெரும்பாலும் பூப்பதே இல்லை என்பது. விதையில்லாத செடி பக்கக் கன்றால்தான் பரவும். பக்கக் கன்றோ ஒருவர் கொடுக்காமல் வராது. எனவே ஓர் ஊரின் ரம்பைகளை வேலி வேலியாகப் பின்தொடர்ந்து போனால், யார் யார் வீட்டில் யார் யார் விருந்துண்டார் என்னும் வரலாறு முழுதும் கிடைத்துவிடும். இவ்வழியில் வம்சாவளி எழுத எவரும் இதுவரை முன்வராதது வருந்தத்தக்கது.

பப்பாசியின் இயல்பு வேறு. விதையிட்டு முளைத்த கன்று ஆணா பெண்ணா என்பது, மாதக்கணக்கில் தண்ணீர் ஊற்றிப் பூப்பூத்த பிறகே தெரிய வருகிறது, நீண்ட காம்பில் பூக்கொத்து தொங்கினால் அது ஆண், பழத்துக்கு வழியில்லை. பெண்ணாய் அமைந்து காய்த்த மரமும் விருந்தாளி வரும் நாளில் பச்சையாகவே நிற்கும் என்பது பொது அனுபவம். இக்குறையை நீக்கக் காயின் பால் உதவுகிறது: அதிலுள்ள பப்பெயின் என்னும் நொதியம் இறைச்சியின் புரதத்தை உடைப்பதால், பச்சைக் காயில் ஒரு கீற்றைத் தோலோடு அரைத்துப் பூசிவைத்தால் சொல்லாமல் வந்த விருந்தாளிக்கு முற்றிய மாட்டிறைச்சியும் மெதுவாகும். பழமாக மேசைக்கு வராத பப்பாசி, கறிக்குள் ஒளிந்து வந்துவிடுகிறது.

வளவுச் செடிகளின் எதிரிகளுள் புத்தளம், கற்பிட்டிப் பக்கத்தில் கட்டின்றித் திரியும் கழுதைகள் முதலில் நினைவுக்கு வருமாயினும், நுணுக்கமான எதிரி புழுவே. தேசியும் கறிவேப்பிலையும் ஒரே தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தவை. அவற்றில் முட்டையிடும் வண்ணத்துப்பூச்சிக்கும் இது தெரியும். அதன் இளம்புழு பறவை எச்சத்தைப் போல வேடம் பூண்டு இலைமேல் அசையாது கிடக்கும். வளர்ந்ததும் பச்சை நிறமாகி, வியாழன் மாலை தளதளவென்று நின்ற கிளையை வெள்ளி காலையில் வெறும் நெட்டாக்கிவிடும். வெள்ளியன்று ஜும்ஆ முடிந்து விருந்தாளி வருவார். அந்நேரத்தில் வேலிக்கு மேலாக எழும் “ராத்தா, ரெண்டு நெட்டு கறிவேப்பிலை இருந்தா தாங்க” என்னும் குரல், இவ்வாய்வின் மிகச் சிக்கலான இடமாகும்.

அடுத்த வளவின் கறிவேப்பிலையைத் தேங்காயெண்ணெயில் போட்டுப் படபடவென்று வெடிக்கவிட்டு, மணம் திண்ணைவரை போன பின், “எங்கட வளவில காய்ச்சது” என்று சொல்லலாமா? கறிவேப்பிலை காய்ப்பதற்காக வளர்க்கப்படுவதன்று என்னும் இலக்கணத் தடை ஒருபுறமிருக்க, வேலி கிடுகால் ஆனது, அதன் இருபுறத்தையும் ஒரே வளவாகக் கருத இடமுண்டு என்பதே இவ்வாய்வின் தீர்ப்பு. கடையில் வாங்கிய தேசிக்காய்க்கு இச்சலுகை இல்லை.

விருந்துண்டு புறப்படுவோர் ரம்பைக் கன்று கேட்டால் ஆலங்குடாவில் எவரும் மறுப்பதில்லை. வேரில் ஈரத்துணி சுற்றி, நிழலான இடத்தில் நட்டு, முதல் இரண்டு வாரம் காலையும் மாலையும் தண்ணீர் ஊற்ற வேண்டும்; பை மட்டும் வீட்டிலிருந்தே கொண்டுபோவது நல்லது.