மருமவனே, வயித்துக்கு எதுக்குடே மேப்பு?

ஏ மருமவனே, கூடுவாஞ்சேரிக்கு உள்ள தள்ளி, நெல்லிக்குப்பம் ரோட்டுல ஃபிளாட்டு வாங்குனது பெரிசில்ல. வாங்கி ஒரு மாசங்கூட ஆகல, "மாமா, இந்தப் பக்கம் நல்ல கஃபே ஒண்ணுமே இல்லியே"ன்னு எங்கிட்ட வந்து மூஞ்சத் தொங்கப்போட்டுக்கிட்டு நிக்க பாரு, அதுதான் பெரிசு. இருவது வருசத்துக்குக் கடன் கட்டப்போறவன் காப்பிக்கு எதுக்குடே கவலப்படுத? பச்சத்தண்ணி குடிச்சுப் பழகு.

சரி, மூஞ்சிய அப்படி வைக்காத. அக்கா மவனாப் போயிட்ட, சொல்லித் தொலைக்கேன்.

மொதல்ல அந்த போனைக் கீழ வை. நாலரை நட்சத்திரம்னு காட்டுதியே, அந்த நட்சத்திரத்தைப் போட்டது யாரு தெரியுமா? கடை தொறந்த அன்னைக்கு வந்த ஓனரோட சித்தப்பா மவன், மச்சினன், மச்சினனோட ஆபீஸ்காரனுவ. சொந்தக்காரன் கல்யாணத்துல சாம்பாரு நல்லாயில்லன்னு எவனாவது மொய்நோட்டுல எழுதுவானா? பொறவு, போன வாரம் நீ ஒரு கடையில ஹைதராபாத் பிரியாணியும் இன்னொரு கடையில செட்டிநாடு சிக்கனும் சொன்னேல்லா, ரெண்டையும் ஒரே பையன், ஒரே பையில கொண்டாந்து குடுத்தான். நான்தான் கதவத் தொறந்தேன். ரெண்டு டப்பாவும் ஒரே டப்பா, மேல ஒட்டுன சீட்டு மட்டும் வேற. ஹைதராபாத்தும் காரைக்குடியும் ஒரே அடுப்புல வேவுத அதிசயம் எங்க காலத்துல இல்லடே. நீ "ரெண்டும் வேற வேற டேஸ்ட்டு மாமா"ன்ன. ஆமா, சீட்டையும் சேத்துத் தின்னிருப்ப.

இப்பம் விசயத்துக்கு வாரேன். கடையில ரெண்டு சாதிதான் உண்டு. நாளைக்கு உன் மூஞ்சில முழிக்கணுமேன்னு பயப்படுத கடை ஒண்ணு. உன்னை இனிமே பாக்கவே போறதில்லன்னு தெரிஞ்சு வச்சிருக்க கடை ஒண்ணு. ஜி.எஸ்.டி. ரோட்டு மேல இருக்கதுல முக்காவாசி ரெண்டாவது சாதி. தாம்பரத்துலேருந்து செங்கல்பட்டு வரைக்கும் போறவன் எல்லாம் மதுரைக்கும் திருச்சிக்கும் நம்ம திருநெல்வேலிக்கும் போறவன். இட்லி கல்லு மாதிரி இருந்தாலும் அவன் திரும்பி வந்து சண்ட போட மாட்டான். அவன் அப்பம் விழுப்புரம் தாண்டியிருப்பான். 2023 டிசம்பர் 30ல கிளாம்பாக்கம் பஸ் ஸ்டாண்டு தொறந்த பொறவு கேக்கவே வேண்டாம். கோயம்பேட்டுல ஏறுன தெக்கத்திக் கூட்டம் பூராவும் வண்டலூருக்கும் ஊரப்பாக்கத்துக்கும் நடுவுல வந்து எறங்குது. ராத்திரி பத்து மணிக்குப் பெட்டியும் பிள்ளையுமா நிக்கவன் என்னத்த ருசி பாப்பான்? சூடு இருந்தாப் போதும்னு முழுங்கிட்டு ஓடுவான். அவனுக்குன்னு தொறந்த கடையில நீ போய் ஆற அமர உக்காந்து ருசி தேடுத. கோட்டிப்பய.

"டிரைவருங்க சாப்பிடுத கடையில சாப்பிடணும் மாமா, அங்கதான் நல்லாருக்கும்"னு ஒரு நாளு எனக்கே பாடம் எடுத்த. எந்த டிரைவருடே? லாரி டிரைவர் சொந்தக் காசு குடுத்துச் சாப்பிடுதான், அவன் போற எடத்துக்கு நீ தாராளமாப் போ. பஸ் டிரைவருக்கு மோட்டல்ல தனி ரூம்பு, தனி எல, ஓசிச் சாப்பாடு. நாப்பது பேரைக் கொண்டாந்து எறக்கிவிட்டதுக்குக் கூலி அது. அவரு தட்டுல இருக்க மீன் வறுவலும் உன் தட்டுல இருக்க பரோட்டாவும் ஒரே அடுப்புல வந்ததுன்னு நினைச்சேன்னா உன்னைப் படிக்கவச்ச காசு வீண்.

இன்னொண்ணு, போர்டைப் பாத்து ஏமாறாத. நம்ம ஊர்க்காரனே ஏமாறலாமா? ஊரப்பாக்கத்துல ஒருத்தன் 'பார்டர் பரோட்டா'ன்னு எழுதி வச்சிருக்கான். பார்டர்ங்கது செங்கோட்டைக்கிட்ட பிரானூர்ல இருக்கு. அந்தக் காலத்துல திருவாங்கூர் சமஸ்தானத்து எல்லை அங்க. 1956ல செங்கோட்டை நம்ம பக்கம் சேந்ததும் எல்லை மலைக்கு அந்தால போயிட்டு, பேரு மட்டும் நின்னுட்டு. ஊரப்பாக்கத்துல என்னடே பார்டர்? இந்தப் பக்கம் வண்டலூர்ப் புலி, அந்தப் பக்கம் கூடுவாஞ்சேரிக் கொசு. அதே மாதிரி ரோட்டோரத்துல 'திருநெல்வேலி அல்வா'ன்னு கண்ணாடிப் பொட்டிக்குள்ள செவப்பா நடுங்கிக்கிட்டு ஒண்ணு இருக்கும். நெல்லையப்பர் கோயில் எதுக்க சாயங்காலம் வரிசையில நின்னு வாங்கித் தின்ன வாயிடே நம்ம வாயி. அந்தப் பொட்டியப் பாத்தா அழுகைதான் வரும். கும்பகோணம் டிகிரி காபி கதையும் இதேதான். பித்தள டவரா பளபளன்னு இருக்கும், உள்ள இருக்கது வெந்நீருக்கு அக்கா மவ.

காப்பின்னதும் ஞாவகம் வருது. காப்பிக் கடைய வெளிய நின்னே எட போடலாம், காசே செலவில்ல. காலைல அஞ்சரைக்கு எந்திரி. நீ எங்க எந்திரிக்கப் போற, இருந்தாலும் சொல்லுதேன். அந்நேரம் கடை வாசல்ல பால் டப்பு கெடக்கும். எந்தக் கலர் பாக்கெட்டுன்னு குனிஞ்சு பாரு. ஆவின்ல நீலத்துல கொழுப்பு 3 சதம், பச்சையில 4.5, ஆரஞ்சுல 6. நீலம் மட்டும் கெடந்தா டீயோட நிறுத்திக்கோ. பச்சையோ ஆரஞ்சோ கெடந்தா உள்ள போய் உக்காரு. தூளு எதுன்னும் கேளு. சிக்கரி 49 சதம் வரைக்கும் போடலாம்னு சட்டமே எடங்குடுத்திருக்கு. பாக்கெட்டுல எழுதியிருக்கணும், கேட்டாக் காட்டணும். காட்டாம மொறச்சான்னா பதில் தெரிஞ்சு போச்சுல்லா.

டீக்கடைன்னா வேற கணக்கு. அங்க கடையப் பாக்கக் கூடாது, மாஸ்டரைப் பாக்கணும். நான் போற கடையில ஒருத்தர் இருக்காரு. பாய்லருக்கு முன்னால நின்னாருன்னா ஆளே வேற. கிளாசை வெந்நீர்ல ஒரு முக்கு முக்கி ஒதறுவாரு, பால் ஏடு கட்டுனா ஸ்பூனால ஒதுக்குவாரு, சாயத்தைக் கண்ணுக்கு நேரா தூக்கிப் பாத்துட்டுத்தான் ஊத்துவாரு. ஒரு ஆத்து, ரெண்டே ஆத்து, நொர கிளாஸ் விளிம்புல வந்து நிக்கும், ஒரு சொட்டு சிந்தாது. சாயம் பழசாயிட்டுன்னா பையை ஒதறிக் கொட்டிட்டுப் புதுத்தூளு போட்டுட்டு, "அண்ணாச்சி, ரெண்டு நிமிசம்"பாரு. அந்த ரெண்டு நிமிசத்துக்குத்தான்டே நான் அங்கன போறது. சம்பளத் தகராறுல அவரு ஒரு தடவ ரெண்டு தெரு தள்ளிப் போயிட்டாரு. மறுநாள் காலைல பழைய கடையில ஈ ஓட்டுதான், புதுக் கடையில கூட்டம் ரோட்டுல நிக்கி. போர்டு மாறல, ருசி எடம் மாறிட்டு. உன் போன்ல அந்தப் பழைய கடைக்கு இன்னும் நாலரை நட்சத்திரம் காட்டுது.

அதனால ஸ்டேசனுக்கு உள்பக்கமா, ஏரிக்கரைத் தெருப்பக்கமா நட. வண்டியில போனா ஒண்ணும் தெரியாது, நடக்கணும். வாசல்ல மேசையப் போட்டு இட்லி விக்கிற அக்காக்க இருக்காவ. அவியளுக்குப் போர்டு கெடையாது, பேரு கெடையாது. அந்தத் தெருவுலயே குடியிருக்காவ, அந்தத் தெருக்காரனுக்குத்தான் விக்காவ. சட்டினி புளிச்சா ஒம்போது மணிக்குள்ள தெரு பூரா தெரிஞ்சுபோவும், அப்புறம் குழாயடியில தலை காட்ட முடியுமா? அந்தப் பயம் இருக்கே, அதுதான் ருசி. எந்த வீடுன்னு கேக்காத. சொல்ல மாட்டேன். சொன்னா நீ போட்டோ எடுத்துப் போடுவ, அதப் பாத்துட்டு ஒருத்தன் கேமராவத் தூக்கிட்டு வந்து இட்லியப் பிச்சுக்கிட்டே "வேற லெவல் மக்களே"ம்பான். மறுவாரம் காரு வரிசை கட்டும், அக்கா மாவுல தண்ணி ஊத்தும், நான் எங்க போவேன்?

பிரியாணிக்குத் தனிக் கண்ணு வேணும். நல்ல பிரியாணிக்கு நேரம் உண்டு. பதினொண்ணரை, பன்னெண்டுக்குத் தேக்சாவத் தம் ஒடைப்பான், ரெண்டு மணிக்குக் கரண்டி அடியில தட்டும், அதோட சரி. சாயங்காலம் அஞ்சு மணிக்கும் அண்டா நெறைய ஆவி பறக்கக் கெடந்தா, அது என்னைக்குப் பொறந்த குழந்தைன்னு விசாரிச்சிட்டுச் சாப்பிடு. பொத்தேரி ஸ்டேசன் பக்கம் போயிராத. அங்க காலேஜ் பிள்ளைய ஆயிரக்கணக்குல இருக்கு, ராத்திரி ஒரு மணிக்கும் எதக் குடுத்தாலும் திங்கும். இளவட்ட வயிறு கல்லையும் செரிக்கும்னு கடைக்காரனுக்குத் தெரியும். உனக்கு நாப்பதாவப் போவுது, சட்டைப் பித்தான் சொல்லுது.

புதுசா எதாவது திங்கணும்னு ஆசைன்னா, ஊரு விட்டு ஊரு பொழைக்க வந்தவன் தனக்காக நடத்துத கடையத் தேடு. கட்டட வேலைக்கு வந்த ஒடியாக்காரன், பெங்காலிக்காரனுக்குன்னு தகரக் கொட்டாயில மெஸ் நடக்கும். குமிச்ச சோறு, கடுகெண்ணையில மீன் கொழம்பு. மொத வாய் மூக்குல ஏறும், மூணாவது வாயில பழகிரும். அந்தப் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில ஹூண்டாய் கார் கம்பெனி வந்ததுனால ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்துல கொரியாக்காரன் சாப்பாட்டுக் கடையே வந்துட்டு. அங்கயும் அதே கணக்குதான். சொந்த ஊர்க்காரன் முன்னால கொழம்பக் கெடுக்க எவனுக்கும் துணிச்சல் வராது.

ஆனா உனக்கு வேண்டியது இதெல்லாம் இல்ல. மஞ்சப் பல்பு தொங்கணும், சுவத்துல ஒரு வாசகம் இருக்கணும், ஏசியில லேப்டாப்பைத் தொறந்து வச்சுக்கிட்டு ஒரு கோல்டு காபிய மூணு மணி நேரம் உறிஞ்சணும். போ, வேண்டாங்கல. இருநூறு ரூவா காப்பிக்கு இல்லடே, நாற்காலி வாடகைக்கு. பில்லைப் படிச்சுட்டுக் குடு. 5 சதம் ஜி.எஸ்.டி. இருக்கும், அது சர்க்கார் வரி. 'சர்வீஸ் சார்ஜ்'னு இன்னொண்ணு கெடந்தா எடுக்கச் சொல்லு. தானா சேக்கக் கூடாதுன்னு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022லயே சொல்லியாச்சு. கூச்சமா இருந்தா என்னைக் கூப்பிடு, நான் வந்து கேக்கேன். எனக்கு வெக்கம் போய் வெகு நாளாச்சு.

உக்கார எடந்தான் வேணும்னா பேக்கரிக்குப் போயேன். நம்ம பக்கம் ஐயங்கார் பேக்கரி தெருவுக்கு ஒண்ணு. நடத்துதவன் பாதிப்பேரு கர்நாடகத்து ஹாசன்காரன், கண்ணாடிக்குள்ள முட்டை பப்ஸ் அடுக்கியிருக்கும், எந்த ஐயங்காரும் கோவிச்சுக்கிட்டதாத் தெரியல. நாலு மணிக்குத் தட்டு சூடா வெளிய வரும், அந்நேரம் போய் நில்லு.

எண்ணெப் பலகாரம் திங்க மட்டும் மூக்கை முன்னால அனுப்பு. எண்ணெயில கெட்ட சரக்கு 25 சதத்தத் தாண்டுனா ஊத்திறணும்னு 2018லேருந்து சட்டம், மீட்டர வச்சே அளக்காவ. நீ மீட்டருக்கு எங்க போவ? சட்டி ஓரத்துல கருப்பா பிசுபிசுன்னு கட்டியிருக்கா, வடை போட்டதும் நொர பொங்கி மேல ஏறுதா, தொண்டையக் கமறுதா, அப்படியே நடையக் கட்டு. பதினாலு எலக்க நம்பரு போட்ட உணவு லைசென்ஸ் சுவத்துல தொங்கும். அதப் பாத்தும் மயங்காத. சாமி படத்துக்குப் பின்னால தொங்குதான்னு பாரு, அப்படித் தொங்குனா சாமியையும் நம்பாத, லைசென்சையும் நம்பாத.

ஞாயித்துக்கெழம காலைல ஆறரைக்குத் தெருமொனைக்கு வா. அந்த அக்கா வீட்டுக்கு நானே கூட்டிட்டுப் போறேன். போனை வீட்டுல வச்சிட்டு, பர்சை மட்டும் எடுத்துட்டு வா, நான் சில்லற கொண்டு வர மாட்டேன். உங்க அத்தைகிட்ட நான் வாக்கிங் போறதாத்தான் சொல்லியிருக்கு. நீ எங்கயாவது வாயத் தொறந்தியோ, அன்னைக்கு ராத்திரிக்கு அவ கிண்டுத கோதுமை ரவை உப்புமாவ உனக்கும் சேத்து வைக்கச் சொல்லிருவேன்.