செருப்பை எங்கே விடுவது?

நம் ஊர்த் திருச்சபைகளின் வெப்சைட்டுகள் பெரும்பாலும் கம்ப்யூட்டரில் பதித்த கல்வெட்டுகள். முகப்பில் பேராயர், அவருக்குக் கீழே ஆயர், செயலர், பொருளாளர், கமிட்டி உறுப்பினர்கள் என்று எல்லாரும் கோட்டு சூட்டில் வரிசையாக நிற்கிறார்கள். அடுத்தது கோயில் வரலாறு: அடிக்கல் நாட்டிய துரை, பிரதிஷ்டை செய்த பிஷப், கப்பலில் வந்து இறங்கிய மணி. அதற்கும் கீழே, போன வருஷத்து அறுப்பின் பண்டிகைக்கு இன்னும் அழைத்துக்கொண்டிருப்பார்கள். ஞாயிறு ஆராதனை எத்தனை மணிக்கு என்பதை மட்டும் தேடித்தான் எடுக்க வேண்டும். காணிக்கை அனுப்பும் கியூஆர் கோடு தேடாமலே கிடைக்கும். அந்தப் பக்கம் பழுதானதாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

புதிதாக வருகிறவருக்குக் கடவுளிடம் பயமில்லை, பக்கத்து பெஞ்சுக்காரரிடம்தான் பயம். செருப்பை வாசலில் விடுவதா, போட்டுக்கொண்டே போவதா? சென்னையில் பல கோயில்களில் ஷூவோடு நுழையலாம், தெற்கே கிராமங்களில் அப்படி நுழைந்தால் ஊரே திரும்பிப் பார்க்கும். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் என்று உட்காரும் இடத்தில் தெரியாமல் மனைவியோடு போய் அமர்ந்தவர் பிரசங்கத்தில் ஒரு வார்த்தைகூடக் கேட்கப் போவதில்லை. திருவிருந்துக்கு எழுந்து போவதா, உட்கார்ந்தே இருப்பதா? காணிக்கைப் பை வரும்போது சில்லறை இல்லையென்றால் முகத்தை எங்கே வைப்பது? இவ்வளவுக்கும் பதில் எழுத அரைப் பக்கம் போதும். துரையின் அடிக்கல்லுக்கு ஒதுக்கியதில் கால்வாசிகூட வராது.

‘கிறிஸ்தவர்களுக்கு இதெல்லாம் தெரியாதா?’ என்பார்கள். தெரியாது. ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் மரபுக்காரர்கள் ஒன்றுகூடித் தென்னிந்தியத் திருச்சபை (சி.எஸ்.ஐ.) ஆனது 1947 செப்டம்பர் 27-இல். சபைகள் சேர்ந்து 75 வருஷம் தாண்டியும் பழக்கங்கள் இன்னும் முழுசாகச் சேரவில்லை. ஓர் ஆலயத்தில் எல்லாருக்கும் ஒரே பாத்திரம், இன்னொன்றில் ஆளுக்கொரு சின்னக் கிண்ணம். மாற்றலாகி வருகிற சி.எஸ்.ஐ.காரரே அடுத்த ஊர் சி.எஸ்.ஐ.யில் முழிக்கிறார் என்றால், நண்பர் வீட்டுக் கல்யாணத்துக்கு முதல் தடவை வரும் இந்துவின் பாட்டைச் சொல்லவே வேண்டாம். ‘கோயில்பிள்ளையைக் கேட்டால் சொல்லிவிடுவாரே’ என்பது அடுத்த சமாதானம். சொல்வார்தான். ஆனால் ஆராதனை தொடங்கும் நேரத்தில் அவர் மணிக்கயிற்றைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருப்பார்.

கொஞ்சம் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு: ‘இது ஜவுளிக்கடை விளம்பரமா? தேடுகிறவன் தானே வருவான்.’ 1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு அப்படி நினைத்திருந்தால், ஜெர்மன் மொழியிலேயே பிரசங்கம் செய்துவிட்டுக் கடற்கரையில் காற்று வாங்கியிருக்கலாம். அவர் தமிழ் படித்தார். 1715-க்குள் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு முடித்தார். கேட்கிறவனுக்குப் புரிகிற மொழியில் பேசுவதை அன்று யாரும் விளம்பரம் என்று ஒதுக்கவில்லை. அவர் வழியில் வந்தவர்கள், ‘பாஸ்டரேட் கமிட்டி ஒப்புதலின்படி ஐக்கிய சங்க அங்கத்தினர்கள் கவனத்திற்கு’ என்று முகப்பில் போட்டு வைத்திருக்கிறார்கள். வெளியிலிருந்து வருகிறவருக்கு இதற்கு ஜெர்மனே தேவலை.

ஆகவே கமிட்டி ஐயாமாருக்கு ஒரு விண்ணப்பம். உங்கள் போட்டோக்களை எடுக்கச் சொல்லவில்லை, அது நடக்கிற காரியமும் இல்லை. அவற்றுக்கு மேலே ஆராதனை நேரத்தையும், செருப்பை எங்கே விடுவது என்பதையும் இரண்டு வரி போட்டுவிடுங்கள்.