ணங்கென்று கேட்டதா?

கோவில்பட்டி கடலை மிட்டாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்த நாள் 2020 ஏப்ரல் 30. 2014-இல் போட்ட விண்ணப்பம் ஒருவழியாகக் கரையேறியபோது, நாடே கதவைச் சாத்திக்கொண்டு ஊரடங்கில் கிடந்தது. கொண்டாடக் கடைக்குப் போக முடியாது. ஆனால் வீட்டில் கடலை இருந்தது, வெல்லம் இருந்தது, நேரத்துக்கும் பஞ்சமில்லை. வெளியூரில் மாட்டிக்கொண்ட கரிசல்காட்டுக்காரர்கள் சும்மா இருப்பார்களா?

பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையை 1801 மார்ச்சில் பீரங்கி வைத்து அடித்தும் வெள்ளைக்காரப் படை உள்ளே நுழைய முடியாமல் பின்வாங்கியது. கோட்டை விழ மே மாதம் ஆனது. அந்த ஊரில் பிறந்து சென்னையில் குடியிருக்கும் ஒருத்தி செய்த முதல் தட்டு மிட்டாய் அந்தக் கோட்டைச் சுவர் ரகம். வீட்டுக்காரர் அம்மிக்குழவியைத் தேடினார். ஃபிளாட்டில் அம்மிக்கு எங்கே போவது? இரண்டாவது தட்டு அதற்கு நேர்மாறு. வில்லையைத் தூக்கினால் தட்டும் கூடவே வந்தது.

பழி முதலில் கடலைமேல் விழுந்தது. பிறகு கேஸ் அடுப்பின்மேல். கடைசியில் எதிர்வீட்டுக்காரியின் கண்மேல்.

உண்மையில் இரண்டு தட்டுக்கும் வியாதி வேறு வேறு. முதலாவது கல்லானதற்குக் காரணம் சிக்கனம். கடலையைக் குறைத்துப் பாகைக் கூட்டி, கனமாகக் கொட்டியிருக்கிறாள். கடலைகளை ஒன்றோடொன்று ஒட்டவைக்கும் அளவுக்குத்தான் பாகு இருக்க வேண்டும். ஒரு கிலோ கடலைக்கு அரைக் கிலோ வெல்லம் என்பது வீட்டுக் கணக்கு. இரண்டாவது தட்டைக் கெடுத்தது அவசரம். பாகில் தண்ணீர் இருக்கும்வரை சூடு நிதானமாகத்தான் ஏறும். 120 டிகிரி செல்சியஸ் பக்கத்தில் இறக்கிவிட்டால் பல்லில் ஒட்டும். 145-ஐத் தொட்டால் நொறுங்கும். அதற்குள் தண்ணீர் பெரும்பாலும் வற்றியிருக்கும் என்பதால், அப்புறம் சூடு கண்மண் தெரியாமல் ஓடும். யாரோ அனுப்பிய காலை வணக்கத்துக்குப் பதில் போட்டுவிட்டுத் திரும்பினால் பாகு கசந்திருக்கும்.

வெப்பமானி வாங்கலாம். பாஞ்சாலங்குறிச்சியில் இருக்கும் அம்மாவுக்கு அதில் நம்பிக்கையில்லை. அவருடைய கருவி ஒரு கிண்ணம் பச்சைத் தண்ணீர். பாகில் ஒரு சொட்டை அதில் விட்டு, உருட்டி, எவர்சில்வர் தட்டில் எறிய வேண்டும். மூன்றாவது தட்டுக்கான விசாரணை தொலைபேசியிலேயே நடந்தது. ஒரு கையில் கரண்டி, மறு கையில் செல்போன், அது தட்டுக்குப் பக்கத்தில்.

“யம்மா, கேட்டுச்சா?”

“சொத்துனு கேக்கு. இன்னும் கொஞ்சம் நிக்கட்டும். கைய எடுக்காத, கிண்டு.”

“இப்ப?”

“ஏட்டி, ணங்குனு கேட்டுச்சுல்ல, அடுப்ப அமத்து! கடலயப் போடு!”

கடலை வெதுவெதுப்பாக இருக்க வேண்டும் என்பதை அம்மா சொல்லவில்லை. ஊரில் அது எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. ஆறிப்போன கடலை பாகை அங்கங்கே இறுக்கிவிடும். துண்டு போடும்போது கடலை தனி, பாகு தனி. தொலி நீக்குவது இன்னொரு கூத்து. சுளகு இல்லாத வீட்டில், வறுத்துத் தேய்த்த கடலையை மின்விசிறிக்கு அடியில் வைத்து ஊதினாள். சோஃபா இடுக்கில் இன்னும் தொலி கிடைக்கிறது.

இத்தனையும் சரியாகச் செய்து மிட்டாய் மறுநாள் வியர்த்துப் பிசுபிசுத்தால், சந்தேகமில்லாமல் வெல்லத்தைப் பிடித்து உலுக்கலாம். கைப்பக்குவத்தை விட வெல்லம்தான் அதிகம் காலை வாரும். பழசாகிக் கசிந்த வெல்லத்தில் குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் கூடுதலாக இருக்கும். காற்றின் ஈரத்தை அவை இழுத்துக்கொள்ளும். சாக்லேட் சிப் குக்கியில் பலர் பிரவுன் சுகர் சேர்ப்பதும் இந்தக் குணத்துக்காகத்தான். அதிலுள்ள மொலாசஸ் ஈரத்தைப் பிடித்துவைக்க, குக்கி மெத்தென்று இருக்கும். அங்கே அது பாராட்டு; கடலை மிட்டாய்க்கு அதே குணம் அவமானம். ஐப்பசி அடைமழையில் மிட்டாய் செய்து, ஆறியதும் டப்பாவில் இறுக மூடாமல் விட்டுவிட்டு, கைராசி இல்லை என்று மூக்கைச் சிந்துவதில் நியாயமில்லை.

வெல்லத்தில் சர்க்கரை கலந்திருந்தால் பாகு பூத்து மணல்மணலாகிவிடும். கோவில்பட்டியில் கொஞ்சம் குளுக்கோஸ் சேர்ப்பார்கள். அது பாகைப் பூக்கவிடாது. வெல்லத்தைக் கரைத்து வடிகட்டாதவர்கள் கரும்புச் சக்கையையும் கல்லையும் சேர்த்துத்தான் கடிக்க வேண்டும்.

மூன்றாவது தட்டு ஒருவழியாக நொறுங்கியது. கடை மிட்டாயின் மேலே தூவியிருக்கும் சிவப்பு, பச்சை, மஞ்சள் தேங்காய்ப்பூதான் இல்லை. புகைப்படம் ஊருக்குப் போனது. அம்மா பார்த்துவிட்டு, “துண்டு ஏன் கோணலா இருக்கு? சூடு ஆறுறதுக்குள்ள கத்தியால கோடு போட்டிருக்கணும்லா” என்றார்.

பிசுபிசுத்த இரண்டாவது தட்டை அவள் வீணாக்கவில்லை. லேசாகச் சூடுகாட்டி, கையில் நெய் தடவி உருண்டை பிடித்து, முதலிலிருந்தே கடலை உருண்டைதான் செய்ய நினைத்தேன் என்று எதிர்வீட்டுக்குக் கொடுத்தனுப்பினாள்.