ரெக்கார்டர் இயல்

பூவிருந்தவல்லியில் பிறந்த திருக்கச்சி நம்பி, 11ஆம் நூற்றாண்டில் காஞ்சி வரதராசப் பெருமாளுக்கு ஆலவட்டம் வீசும் கைங்கரியம் செய்தவர். இராமானுசரின் மனத்திலிருந்த ஐயங்களுக்குப் பெருமாள் அருளிய விடை, ஆறு வார்த்தைகளாக இந்த நம்பியின் வாய்வழியே அவரை வந்தடைந்தது என்பது வைணவ குருபரம்பரை தரும் செய்தி. வழியில் ஒன்றும் உதிரவில்லை. ஆறும் ஆறாகவே போய்ச் சேர்ந்தன. இன்று அதே பூவிருந்தவல்லியில், வாசலில் நின்று சொல்லியனுப்பும் ஆறு பொருள்களில் நான்கு மட்டுமே பையில் வீடு திரும்புகின்றன. இவ்விரு நிலைகளுக்கும் இடையில் 900 ஆண்டுகளுக்கும் மேலான காலத்தில் நேர்ந்தது என்ன என்பது வரலாற்றாசிரியர்க்குரிய வினா. சட்டைப்பையில் அடங்கும் டிஜிட்டல் வாய்ஸ் ரெக்கார்டர், அந்த இரண்டு பொருள்களை மீட்டுத் தரும் முறையை ஆராய்வதே இங்கு மேற்கொள்ளும் பணி.

அந்த ஆறு வார்த்தைகளுள் ஒன்று இத்துறைக்கு நேரே பொருந்துவது. சரணடைந்தவர், உயிர் பிரியும் வேளையில் இறைவனை நினைவுகூர்வது கட்டாயம் அன்று என்பது அதன் கருத்து. அவ்விலக்கு கடைசி மூச்சுக்கு மட்டுமே உரியது. அதற்கு முந்தைய மூச்சுகளுக்கோ, கேஸ் சிலிண்டர் பதிவு செய்தல், ரேஷன் கடையில் பாமாயில் தீருமுன் சென்று நிற்றல், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மின்கட்டணம் செலுத்துதல் முதலிய கடமைகளுக்கோ அது நீட்டிக்கப்படவில்லை. கருவியின் தேவை இவ்விடத்தில் பிறக்கிறது.

கருவியின் வரலாறு நீண்டதன்று. 1877இல் எடிசன் ஃபோனோகிராஃபைச் செய்தார். மறு ஆண்டே அதன் பயன்களை ஓர் இதழில் வரிசைப்படுத்தி எழுதினார். கடிதத்தை வாயால் சொல்லிப் பதிவது முதற்பயன். பாட்டுக் கேட்பது அதற்குப் பின்னரே. வீட்டுக்குக் கிளம்பும் நேரத்தையும் சாப்பாட்டு நேரத்தையும் வாய்விட்டுச் சொல்லும் கடிகாரமும் அவ்வரிசையில் இருந்தது. 1963இல் பிலிப்ஸ் நிறுவனம் கேசட்டைக் கொண்டுவந்தது. 1969இல் ஒலிம்பஸ் நிறுவனம் அதனினும் சிறிய மைக்ரோகேசட்டைக் கொண்டுவந்தது. 1990களில் நாடாவே தேவையற்றுப் போயிற்று. தமிழ்நாட்டில் டேப் ரெக்கார்டர் வீடுதோறும் நுழைந்த காலத்தில், தெருமுனை ரெக்கார்டிங் சென்டர்களில் சினிமாப் பாட்டுகளே பதியப்பட்டன. எடிசன் முதலில் வைத்த பயன், சென்னை ரிச்சி தெருவின் மின்னணுக் கடைகளில் விரல் நீளக் கருவி கிடைக்கத் தொடங்கிய பின்னரே அம்பத்தூருக்கு வந்து சேர்ந்தது.

செல்பேசியிலும் இவ்வசதி உண்டே என்னும் மறுப்புக்கு விடை எளிது. செல்பேசியைத் திறப்பவர் முதலில் காண்பது, உறவினர் அனுப்பிய காலை வணக்கம். அதற்கு மறுமொழி அனுப்பி முடிக்கையில், பதிய வந்த செய்தி அகன்றுவிடுகிறது. ஓர் அறையிலிருந்து வாசற்படி தாண்டி மற்றோர் அறைக்குச் செல்வதே மறதியை விளைவிக்கும் என்று அமெரிக்க உளவியலாளர் காப்ரியேல் ராட்வான்ஸ்கி 2011இல் சோதனை வழியே காட்டினார்; செல்பேசியோ வாசற்படிகள் மட்டுமே உள்ள வீடு. ரெக்கார்டருக்குப் பதிவுப் பொத்தான் ஒன்று. சட்டைப்பைக்குள் கைவிட்டுக் கட்டைவிரலாலேயே அதைக் கண்டு அழுத்தலாம், கண் தேவையில்லை.

பவணந்தி முனிவர் நன்னூலில் மாணாக்கரை அன்னம், பசு, மண், கிளி, இல்லிக்குடம், ஆடு, எருமை, நெய்யரி என எட்டாகப் பகுத்தார். இப்பகுப்பு நினைவாற்றலுக்கும் குறையின்றிப் பொருந்தும். ஓட்டைக் குடமாகிய இல்லிக்குடத்தையும் நெய்யரியையும் ஒன்றெனக் கொள்வது பிழை. இல்லிக்குடத்தார் எதையும் தேக்கிவைப்பதில்லை. அவரைத் திருத்துவது எளிது. நெய்யரியாரோ நெய்யைப் போக்கிக் கசடைப் பிடித்துக்கொள்பவர். வாங்க வேண்டிய துவரம் பருப்பை விட்டுவிட்டு, அதை மனைவி சொன்னபோது தொலைக்காட்சியில் ஓடிய விளம்பரத்தை வரி பிசகாமல் ஒப்பிப்பார். தமக்கு நினைவாற்றல் உண்டு என்றே அவர் நம்புவதால் கருவி வாங்க உடன்படுவதில்லை. கருவியின் இடம் கிளிக்குரியது: சொன்னதைச் சொல்லும், சொல்லாததைச் சொல்லாது. நன்னூல் இதனை இடைத்தரமாக வைத்தது. அன்றாட வாழ்வுக்கு அத்தரம் போதும்.

இனிச் சொல்லும் முறை. நினைவூட்டலைப் பதிபவரும் கேட்பவரும் ஒருவரே. ஆயினும் காலையில் பதிபவரின் உற்சாகம் மாலையில் கேட்பவரிடம் இருப்பதில்லை. எனவே தமக்குத் தாமே பேசினும் தன்மையில் பேசலாகாது. முன்னிலையில்தான் பேச வேண்டும். “சாவி வாங்கணும்” என்பது விருப்பம். “சாவியை வாங்கு” என்பது கட்டளை. விருப்பத்தைக் கேட்டு, ஆம், நல்ல விருப்பம்தான் என்று மாலை மனிதர் அமைதியடைவார். “கரண்ட் பில் கட்டியாச்சா?” என வினாவாகப் பதிவோரும் உளர். நன்னூலின்படி இஃது ஏவல் வினா. வினாவின் உருவில் வந்த கட்டளை. ஆனால் அதே நன்னூல் விடையையும் எட்டாக வகுத்திருப்பதால், மாலை மனிதருக்குத் தப்பிக்க வழி பல உண்டு. “நான் கட்டாமல் இருப்பேனா?” என வினா எதிர் வினாதலும், “கால் வலிக்கும்” என உறுவது கூறலும் அவருக்குக் கைகொடுக்கும். வினாவை விலக்குவதே நன்று. வெறும் பெயர்ச்சொல்லைப் பதிவது எல்லாவற்றினும் கீழானது. “ஹெல்மெட்” என்று மட்டும் பதிந்து மூன்று நாள் கழித்துக் கேட்பவர், அதை வாங்குவதா, அணிவதா, யாரிடமிருந்தேனும் திரும்பப் பெறுவதா எனத் தெளிய மாட்டார்.

இத்துறையின் மிகக் கடினமான சிக்கல் எதிர்மறையில் உள்ளது. தமிழில் மறுப்பு வாக்கியத்தின் கடைசியில் வருகிறது. “பால் வாங்க வேண்டாம்” என்று சொல்பவர், கடைசி அசை முடியுமுன் பொத்தானை அமுக்கினால், கருவியில் எஞ்சுவது “பால் வாங்க வேண்” என்பதே. வேண்டும், வேண்டாம் ஆகிய இரண்டுக்கும் இதுவரை உருவம் ஒன்று. கேட்பவரின் மனம் அதனை “வேண்டும்” என முடித்துக்கொள்ளும்; ஏனெனில் வாங்க வேண்டியதைப் பதிவதே வழக்கம். விளைவாக, முன்பே நான்கு பாக்கெட் பால் இருக்கும் வீட்டுக்கு மேலும் இரண்டு வந்து சேரும்.

வாக்கியத்தின் தொடக்கத்துக்கும் ஆபத்து உண்டு. குரல் எழுந்தால் தானே பதியத் தொடங்கும் வசதி பல கருவிகளில் இருக்கிறது. குரலைக் கேட்டு விழித்துக்கொள்ள அதற்குக் கணநேரம் ஆவதால், முதல் அசை விடுபடுவது இயல்பு. முதலும் கடையும் ஒருங்கே விடுபட்டால், இடையில் நிற்கும் “வாங்க” என்பது கேட்பவரை வரவேற்பதாக அமையும். இதற்குரிய பரிகாரம் இருபகுதி உடையது. மறுப்பை முன்னும் பின்னுமாக இருமுறை சொல்லல் வேண்டும்: “வேண்டாம், பால் வாங்க வேண்டாம்.” அதற்கும் முன்பாக, இழந்தாலும் கேடில்லாத ஓர் ஒலியைக் கருவிக்குக் காணிக்கையாக்க வேண்டும். “அது வந்து” என்று பேச்சைத் தொடங்கும் வழக்கம் இதற்கெனவே அமைந்ததுபோல் பொருந்துகிறது. இதுகாறும் அச்சொற்களைக் குறையெனக் கருதிய ஆசிரியர்கள் தம் கருத்தை மறுபரிசீலனை செய்தல் தகும்.

இடம் பற்றிய ஆராய்ச்சிக்குச் சென்னையின் மேற்குப் புறநகர் வளமான களம். 1960களில் உருவான அம்பத்தூர் தொழிற்பேட்டையில் பவர் பிரஸ் சீரான இடைவெளியில் விழுகிறது; இரண்டு அடிகளுக்கு நடுவே ஒரு கட்டளை அடங்கும், மறுப்பு அடங்காது. எனவே அங்குச் செய்ய வேண்டியவற்றைப் பதியலாம். செய்யக் கூடாதவற்றைத் தேநீர் இடைவேளைக்கு ஒத்திவைக்க வேண்டும். சி.டி.எச். சாலையில் ஏர் ஹாரனுக்குக் கால ஒழுங்கு கிடையாது. அங்குப் பதியாமல் இருப்பதே அறிவுடைமை. ஆடி மாதம் தனியே கருதத்தக்கது. திருவேற்காடு கருமாரி அம்மனை முன்னிட்டுச் சுற்றுப்புறமெங்கும் கூம்பு ஒலிபெருக்கிகள் கட்டப்படும் அந்நாட்களில், பதிவுகளின் முன்னணியில் எல்.ஆர். ஈஸ்வரியின் குரலும் பின்னணியில் உரிமையாளரின் குரலும் அமைகின்றன. ஆவடியில் 1961இல் தொடங்கிய கனரக வாகனத் தொழிற்சாலை முதலான பாதுகாப்புத் துறை வளாகங்களுக்கோ இத்தகைய கருவியைக் கொண்டுசெல்லவே வழியில்லை. பீரங்கி வண்டி பூட்டும் இடத்தில் தோன்றும் கறிவேப்பிலை நினைவு, வாயில் தாண்டி வெளியே வரும்வரை மனிதனின் பொறுப்பிலேயே இருக்கிறது.

யார் குரலில் பதிவது என்பதும் ஆராயத்தக்கது. தன் குரல் எலும்பின் வழியாகவும் காதை அடைவதால், பேசும்போது கனத்துக் கேட்கிறது. கருவியிலிருந்து வரும்போது அக்கனம் இல்லை. புதிதாக வாங்கியவர், யாரோ மெலிந்த மனிதர் தமக்குக் கட்டளையிடுவதாகக் கருதிச் சினம் கொள்வதுண்டு. பழகியபின் வேறொரு குறை தோன்றும்: தன் கட்டளையைத் தானே தள்ளிப்போடுவதற்குத் தடையேதும் இல்லை. “ஏங்க, வரும்போது கட்டாயம் புளி வாங்கிட்டு வாங்க, போன தடவ மாதிரி பண்ணிடாதீங்க” என மனைவியின் குரலில் அமைந்த பதிவுக்கு இக்குறை இல்லை. அதில் கட்டளையோடு முன்வரலாறும் சேர்ந்தே பதிவாகிறது. எழுதிய சீட்டு எதுவும் இதைச் செய்ய வல்லதன்று.

கொள்ளளவு குறித்த கவலை தேவையற்றது. நொடிக்கு 128 கிலோபிட் வீதம் பதிந்தால், ஐந்து நொடி நினைவூட்டலுக்கு 80 கிலோபைட் செலவாகும். 4 ஜிகாபைட் கருவியில் 50,000 நினைவூட்டல்கள் கொள்ளும். நாளொன்றுக்கு நான்கு எனில் 34 ஆண்டுகளுக்கு வரும். ஒருவர் பணியில் சேர்ந்து ஓய்வு பெறும்வரை போதுமானது. ஆயினும் ஒலிம்பஸ் கருவிகள் பலவற்றில் ஏ முதல் ஈ வரை ஐந்து அடுக்குகளும், அடுக்குக்கு 200 பதிவுகள் என்னும் வரம்பும் உண்டு. அக்கணக்கில் 250 நாளில் கருவி நிரம்பிவிடும். அழிக்கும் ஒழுக்கம் இன்றியமையாதது. அடுக்குகளை வீடு, வேலை, கடை, கொடுக்கல் வாங்கல், பிற எனப் பங்கிடுவது பொருத்தம். அம்பத்தூர் 2011இல் சென்னை மாநகராட்சியோடு இணைந்தது; ஆவடி 2019இல் தனி மாநகராட்சியாயிற்று. இரண்டு ஊரிலும் வீடு உள்ளவர், சொத்துவரி நினைவூட்டலில் ஊர்ப்பெயரையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பிற என்னும் அடுக்கே முதலில் நிரம்பும், அஃது இயற்கை.

இவை யாவும் பதிவது பற்றியன. பதிந்ததைக் கேட்காதவருக்குக் கருவியால் பயனில்லை; கேட்க வேண்டும் என்பதை நினைவூட்டும் ஆற்றல் எளிய கருவிகளுக்கு இல்லை. ஆகவே கேட்பதற்கெனப் பொழுதும் இடமும் வரையறுத்துக்கொள்ள வேண்டும். மாலை வண்டியில் திரும்புவோர்க்கு அம்பத்தூர் நிலையத்தில் கேட்கத் தொடங்கி, திருமுல்லைவாயிலில் பட்டியலை மனத்திலிருத்தி, அண்ணனூரில் கடைகளின் வரிசையை முடிவுசெய்து, ஆவடியில் இறங்குதல் சிறந்தது. இறங்கியபின் கேட்பவர் கடைத்தெருவைத் தாண்டிவிடுவார். வில்லிவாக்கத்திலேயே கேட்பவர் ஆவடிக்குள் மறுபடி மறப்பார். காதில் இயர்போன் மாட்டிக்கொள்வது நாகரிகம். ஒலிபெருக்கியில் கேட்பது பயனுடையது. நாள்தோறும் ஒரே பெட்டியில் வரும் சக பயணியர் அப்போது சாட்சியாகிவிடுவர். “சார், நேத்து புளி வாங்கிட்டீங்களா?” என்று அவர்கள் மறுநாள் விசாரிப்பது, எந்தக் கருவியும் இதுவரை அளிக்காத வசதி. பூவிருந்தவல்லிக்குப் புறநகர் மின்ரயில் பாதை இல்லை. அவ்வூரார் பேருந்தில் ஒரு கையால் கம்பியைப் பிடித்தபடி மறுகையால் கேட்க வேண்டியிருத்தலின், டிக்கெட் எடுத்து முடித்த பிறகே தொடங்குதல் நன்று.

இவ்வியலுக்குப் புறனடை ஒன்று உண்டு. எல்லா நினைவூட்டல்களையும் கருவியில் பதியலாம். பேட்டரி வாங்கும் நினைவூட்டலைப் பதியலாகாது. அது தேவைப்படும் நாளில் கருவி பேசாது. அந்த ஒன்றுக்கு மட்டும் கைக்குட்டை முனையில் முடிச்சுப் போட்டுக்கொள்ள வேண்டும்.